சென்னையில் நாட்டு நாய்க்குட்டி வளர்க்கப் போகிறவர்களுக்கு: ஊசி, உரிமம், உணவு, செலவு

நாட்டு நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், அதற்குத் தேவையான விவரங்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று எனக்குப் புரிந்தது. ஊசித் தேதியை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். பாலும் சோறும் போதும் என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. தெரு நாய்க்கு எதற்கு உரிமம் என்று கேட்டார் குடியிருப்பின் காவலாளி. எங்கள் செவலை இன்று நன்றாக வளர்ந்து நிற்கிறாள். ஆனால் அவளுடைய முதல் வருடத்தில் நான் அலைந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு என்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் போதும்.

நாய் வளர்க்கும் வீடுகளில் பாசத்துக்குக் குறை இருப்பதில்லை. பெரும்பாலும் தவறுவது இரண்டு: தேதி, அளவு. ஊசியின் தேதியும் சோற்றின் அளவும் சரியாக இருந்துவிட்டால் மற்றதை அன்பு பார்த்துக்கொள்ளும். எனவே கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்

குட்டிக்கு 8 வாரம் ஆகும் வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய்ப்பாலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. தாயை இழந்த குட்டி என்றால் வேறு வழியில்லை. அப்போது முதல் நாளே மருத்துவரிடம் போய்விடுங்கள். விலங்குக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தால், அதுவரை போட்ட ஊசி, கொடுத்த பூச்சி மருந்து ஆகியவற்றின் விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வது பின்னால் எதற்கும் உதவாது.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் வேறு விஷயம். செல்ல நாய் வளர்க்கக் கூடாது என்றோ, நாயோடு லிஃப்டில் ஏறக் கூடாது என்றோ குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்த நெறிகளை அச்செடுத்துச் சங்கச் செயலாளரிடம் மரியாதையாகக் கொடுங்கள். கூடவே, மலத்தை நானே அள்ளுவேன், பொது இடத்தில் கயிறு இல்லாமல் விடமாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான சண்டைகள் அங்கேயே முடிந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். 15 கிலோ எடையுள்ள நடுத்தர நாட்டு நாய்க்குச் சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 2,500 முதல் 3,500 ரூபாய் வரை ஆகும். முதல் வருடத்தில் தனியார் கிளினிக்கில் ஊசிகளுக்கு ஏறக்குறைய 3,000 முதல் 4,500 ரூபாய், அதோடு ஒவ்வொரு முறையும் மருத்துவர் கட்டணம். உண்ணி மருந்து தனிச் செலவு. இவை நான் விசாரித்த, கொடுத்த தொகைகள். இடத்துக்கு இடம் கொஞ்சம் கூடும், குறையும். இதற்கு மேல், எதிர்பாராத நோய்க்கென்று ஒரு 10,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போவது எப்போதும் மாதக் கடைசியில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று: பகலில் யார் இருப்பார்கள்? மூன்று மாதக் குட்டியை எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக விடக் கூடாது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு என்றால், ஒன்று நடுவில் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது குட்டிக்குப் பதில் ஒன்றரை, இரண்டு வயது நாயைத் தத்தெடுங்கள். வளர்ந்த நாய் ஒட்டாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உங்கள் செருப்புச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுகொள்ளும்.

2. முதல் வாரம்: மருத்துவரும் ஊசிப் புத்தகமும்

வந்த இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் எடை பார்ப்பார்கள். பூச்சி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குட்டிகளுக்குப் பெரும்பாலும் தாயிடமிருந்தே குடற்புழு வந்துவிடும். வயிறு மட்டும் பானைபோல உப்பி, முதுகெலும்பு தெரிகிறது என்றால் அது கொழுத்த குட்டி இல்லை, புழு நிறைந்த குட்டி. பூச்சி மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நாயின் உருண்டைப்புழு மனிதர்களுக்கும் தொற்றும்.

முதல் சந்திப்பிலேயே ஊசிப் புத்தகம் ஒன்று தருவார்கள். இனி எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்: உரிமத்துக்கு, ரயிலுக்கு, நீங்கள் ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச்செல்லும் விடுதிக்கு. எனவே ஒவ்வொரு ஊசிக்கும் நான்கு விஷயங்கள் அதில் இருக்கின்றனவா என்று மேசையை விட்டு எழுவதற்கு முன் பாருங்கள். மருந்துக் குப்பியில் உள்ள சிறு ஸ்டிக்கர் (மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி அதில்தான் இருக்கும்), ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசியின் தேதி, மருத்துவரின் கையொப்பமும் பதிவெண்ணோடு கூடிய முத்திரையும். நாங்கள் போன ஒரு கிளினிக்கில் ஊசியைப் போட்டுவிட்டுத் தேதியை மட்டும் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கேட்டபோது குப்பியைக் குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். அந்த ஒரு ஸ்டிக்கருக்காக நாங்கள் பட்ட பாடு போதும். குப்பியிலிருந்து ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்ட அரை நிமிடம்கூட ஆகாது. கண் முன்னே ஒட்டச் சொல்லுங்கள். எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. தடுப்பூசி: தேதி தவறக் கூடாத பகுதி

இரண்டு வகை ஊசிகள் உண்டு. ஒன்று பல நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. பர்வோ (கொடிய குடல் தொற்று), டிஸ்டெம்பர் (நரம்பையும் மூச்சையும் தாக்கும் நோய்), கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவை அதில் அடங்கும். இரண்டாவது வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசி.

கூட்டு ஊசியின் முதல் தவணை 6 முதல் 8 வாரத்தில். அதன்பின் 3 அல்லது 4 வார இடைவெளியில், குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை. ஒரே ஊசியை எதற்கு மூன்று முறை போட வேண்டும், பணம் பிடுங்கவா என்று பலர் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்தே அடக்கிவிடும். அந்தச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். தீர்ந்த பிறகு ஒரு தவணையாவது உடம்பில் பதிய வேண்டும் என்பதற்காகத்தான் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டுப் பர்வோவில் குட்டியைப் பறிகொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, ஓயாத வாந்தி, ஓரிரு நாளில் துவண்டுபோகும் உடம்பு. அந்த வேதனையை எந்தக் குழந்தையும் பார்க்க வேண்டியதில்லை.

வெறிநோய் ஊசி மூன்று மாதம் நிறைந்ததும். மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு பூஸ்டர் போடச் சொல்வார்கள். பிறகு வருடம் ஒரு முறை, நாய் உயிரோடு இருக்கும்வரை. வீட்டை விட்டே வெளியே போகாத நாய் என்பதெல்லாம் காரணமாகாது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பதில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடைசிக் கூட்டு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை குட்டியைத் தெருவில் தரையில் விடாதீர்கள். பர்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைத்தும் வைக்க வேண்டாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியில், பால்கனியில் நின்று பஸ் சத்தம், குக்கர் விசில், தண்ணீர் லாரி, காய்கறி வண்டி எல்லாவற்றையும் காட்டுங்கள். இந்த வயதில் பழகிய சத்தத்துக்கு வளர்ந்த பிறகு பெரும்பாலும் பயப்படாது.

4. உரிமமும் மைக்ரோசிப்பும்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். நாட்டு நாய்க்கும் உண்டு. ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்தார்கள். மைக்ரோசிப்பையும் அப்போதுதான் கட்டாயமாக்கினார்கள். விண்ணப்பம் மாநகராட்சியின் இணையதளம் வழியாக.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் புகைப்படம், முகவரிச் சான்று, நாயின் புகைப்படம், நடப்பில் உள்ள வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று. இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. வெறிநோய் ஊசி மூன்று மாதத்துக்குப் பிறகுதான். அந்த ஊசி இல்லாமல் உரிமம் இல்லை. எனவே இரண்டு மாதக் குட்டிக்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊசி போட்ட அன்றே புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நிழல் விழாமல், எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து ஏற்றுங்கள். முகவரிச் சான்றில் பழைய வீட்டு முகவரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், அல்லது வாடகை ஒப்பந்தத்தைத் தயாராக வையுங்கள். ஊசிப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர் ஒருவருடையதாகவும் விண்ணப்பத்தில் இன்னொருவருடையதாகவும் இருந்தால் வீண் கேள்விகள் வரும். வீட்டில் யார் பெயரில் எடுப்பது என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாக் காகிதத்திலும் அதே பெயரை, ஒரே எழுத்துக்கோவையில் எழுதுங்கள்.

மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவுள்ள சிறு குப்பி. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. அதில் 15 இலக்க எண் ஒன்று மட்டுமே இருக்கும். நாய் எங்கே போகிறது என்று காட்டும் கருவி இல்லை அது. அந்த எண்ணை வைத்துத்தான் பதிவில் உங்கள் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தேடிப் பார்ப்பார்கள். எனவே வீடு மாறினாலும் கைப்பேசி எண் மாறினாலும் பதிவில் திருத்த வேண்டும். திருத்தாத சிப்பால் காணாமல் போன நாய் வீடு திரும்பாது. திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி போன்ற இடங்களில் உள்ள மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் சிப்பும் வெறிநோய் ஊசியும் இலவசமாகப் போடுகிறார்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். வரிசையில் பல நாய்கள் நெருங்கி நிற்கும் என்பதால் கூட்டு ஊசிகளை முடிக்காத குட்டியைத் தரையில் விடாமல் கூடையில் வைத்திருங்கள்.

உரிமம் ஒரு வருடத்துக்குத்தான். வெறிநோய் ஊசியும் வருடம் ஒரு முறை. இரண்டையும் ஒரே மாதத்தில் வரும்படி அமைத்துக்கொண்டால் மறக்காது.

5. சாப்பாடு

அதிகமான அறிவுரை கிடைப்பதும், அதில் அதிகம் தவறாக இருப்பதும் இங்கேதான்.

முதலில் வேளைகள். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு. இருபது நிமிடம் தட்டை வையுங்கள். மிச்சம் வைத்தால் எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் தட்டு நிறைந்தே கிடந்தால், நாய் பசியோடு சாப்பிடுகிறதா, நோயால் ஒதுக்குகிறதா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி என்பது ஒரு நாள் கணக்கு. 15 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக.

வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை மட்டும் நம்பாதீர்கள். சோறும் கோழிக்கறியும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முன்னங்கால் வளையும், லேசாகத் தவறி விழுந்தாலே எலும்பு முறியும். அதனால் முதல் வருடம் குட்டிகளுக்கான முழுமையான உலர் தீவனத்தை அடிப்படையாக வைத்து, வீட்டு உணவைக் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருக்க வேண்டும். புரதம் குட்டிக்குக் குறைந்தது 22 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 18 சதவீதம். கடையில் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து விற்பதை வாங்காதீர்கள். காலாவதித் தேதி தெரியாது. நம் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்திருக்கும்.

வளர்ந்த பிறகு வீட்டுச் சமையலே கொடுக்கலாம், அளவு தெரிந்தால். கருத்தடை செய்த, வீட்டில் இருக்கும் 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். உலர் தீவனம் என்றால் 230, 240 கிராம். வீட்டுச் சமையல் என்றால் நாங்கள் செய்வது இது: எலும்பு நீக்கி வேகவைத்த கோழி 200 கிராம், வடித்த சோறு 250 கிராம், வேகவைத்த முட்டை ஒன்று, பூசணி அல்லது கேரட் ஒரு கைப்பிடி, ஈரல் சிறு துண்டு ஒன்று. இதை இரண்டாகப் பிரித்துக் காலை, மாலை. உப்பு, மிளகாய், தாளிப்பு எதுவும் கிடையாது. மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டால் கெடுதல் இல்லை. கழுவி, வறுத்து, மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் நாளுக்கு அரைத் தேக்கரண்டி. இதனால் கால்சியம் சரியாகும். துத்தநாகம், வைட்டமின் டி போன்றவற்றுக்கு மருத்துவரிடம் சொல்லி ஒரு துணை மருந்து எழுதி வாங்குங்கள். ஈரலை வாரக் கணக்கில் அள்ளிக் கொடுக்காதீர்கள், வைட்டமின் ஏ மிகுந்துவிடும்.

சோற்றின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு வாரமாவது சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நம் வீட்டுக் கரண்டியால் இரண்டு கரண்டி என்பது வீட்டில் யார் பரிமாறுகிறார்கள் என்பதைப் பொறுத்து இரு மடங்காகும்.

சைவ வீடுகளில் தயிர்ச்சோறு மட்டுமே போட்டு வளர்ப்பதை நிறையப் பார்க்கிறேன். நாய் தின்னும், வாலும் ஆட்டும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. சில மாதங்களில் முடி உதிரும், தொடைத் தசை வற்றும். முட்டைக்குச் சம்மதம் என்றால் முட்டை, பனீர், வேகவைத்த பருப்பு என்று கூட்டலாம். அதற்கும் சம்மதம் இல்லையென்றால் முழுமையான உலர் தீவனமே சரி. பொட்டலத்தை எடுக்க மனமில்லாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில், நாய்க்கென்று தனிப் பாத்திரம், தனி அலமாரி என்று ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

பசும்பால் பல நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிறு இளகும். தயிர் கொஞ்சம் சேர்க்கலாம். டீக்கடை பிஸ்கட்டை உணவாகக் கருத வேண்டாம். அது சர்க்கரையும் மைதாவும்தான். தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

அளவு சரியா என்று தெரிந்துகொள்ள மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறுங்கள்; உங்கள் எடையைக் கழித்தால் அதன் எடை. கையால் விலாவைத் தடவிப் பார்ப்பதும் நம்பகமான வழி. லேசாக அழுத்தினால் விலா எலும்பு கையில் படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். நாட்டு நாய் இயல்பிலேயே ஒல்லியான உடல்வாகு கொண்டது. விருந்தாளிகள் சாப்பாடே போடுவதில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

6. வாயில் வைக்கவே கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையாகவோ, வேகவைத்தோ, பொடியாகவோ எப்படி இருந்தாலும் அப்படித்தான். ஆகவே சாம்பார்ச் சோறு, ரசச் சோறு, குழம்பு ஊற்றிய சோறு, பிரியாணி எல்லாம் விலக்க வேண்டியவை. காலங்காலமாகப் போட்டுத்தான் வளர்த்தோம் என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் கெடுதல் உடனே கண்ணுக்குத் தெரியாது. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பாயசத்தில் கிடக்கும் திராட்சையையும் கவனியுங்கள். சாக்லேட், காபித்தூள், மது, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரை இல்லாத மிட்டாய் ஆகியவையும் நஞ்சு.

வேகவைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும் தட்டில் ஒதுக்கும் எலும்புகளை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். மனிதர்களின் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் வலிக்கு இபுபுரோஃபெனும் நம் வீட்டில் சாதாரணமாகக் கிடக்கும். நாய்க்கு அவை கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை.

7. உண்ணி

சென்னை வெப்பத்தில் உண்ணி வருடம் முழுவதும் இருக்கும். அதனால் வரும் காய்ச்சலில்தான் நம் ஊர் நாய்கள் அதிகம் துன்பப்படுகின்றன. தினமும் மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நாயை மடியில் சாய்த்து, காதைத் திருப்பி, காது மடலின் ஓரத்தில் இரட்டைத் தோலாக இருக்கும் சிறு மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். முன்னங்கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைப் பாருங்கள். பிறகு அக்குள், வாலின் அடி, கழுத்துப்பட்டைக்கு அடியில். குட்டி உண்ணி எள்ளளவுதான் இருக்கும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை போல இருக்கும்.

மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெதுவாக இழுங்கள். சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய், தீக்குச்சி என்றெல்லாம் செய்யாதீர்கள். வீட்டில் ஒரு பெண் உண்ணி தப்பினால் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மருந்து போட்டால் மட்டும் போதாது. படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள், கதவிடுக்கு, சன்னல் ஓரம், கட்டில் அடி எல்லாவற்றையும் பெருக்கித் துடையுங்கள்.

மூன்று மாதம் வேலை செய்யும் மெல்லும் மாத்திரை 15 கிலோ நாய்க்கு 1,500 ரூபாய்க்கு மேல் ஆகும். கழுத்தில் சொட்டாக விடும் மருந்து மலிவு, ஆனால் மாதம் ஒரு முறை போட வேண்டும். எதுவானாலும் எடைக்கு ஏற்றதை மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதைத் தவறாமல் சொல்லிவிடுங்கள். நாய்க்கான சில சொட்டு மருந்துகள் பூனைக்கு உயிராபத்து.

நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகுகிறது, படியேறத் தயங்குகிறது, உடம்பு சுடுகிறது என்றால் மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். ரோசா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளிறியிருந்தாலோ சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, அன்றே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், வழக்கமாக 4 வாரம் சாப்பிட வேண்டியிருக்கும். நான்காம் நாளே நாய் துள்ளும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள்தான் திரும்பவும் கிளினிக்கில் வந்து உட்காருகிறார்கள்.

8. வெயில், நடை, குளியல்

மார்ச் முதல் ஜூன் வரை காலை 6.30-க்குள் நடையை முடியுங்கள். மாலையில் 7 மணிக்குப் பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. அதிகமாக இரைத்து, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் வெப்பத் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறியபடியே மருத்துவரிடம் போங்கள். நின்ற காரில், சன்னல் கொஞ்சம் திறந்திருந்தாலும், ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

வெளியே போகும்போது கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்பது மாநகராட்சியின் விதி. வாய்மூடி வாங்கும்போது வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டையைத் தவிருங்கள். நாய் நாக்கை நீட்டி இரைக்க முடியாது, வெயிலில் ஆபத்து. கூடை வடிவில் இருப்பதை வாங்கி, வீட்டில் அதற்குள் கறித்துண்டு வைத்து ஒரு வாரம் பழக்குங்கள்.

குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். நாய்க்கான ஷாம்புதான் போட வேண்டும், நம் சோப்பு தோலை வறட்டும். காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, விரலிடுக்கு வரை துவட்டுங்கள்.

9. கருத்தடை

ஆறு மாதத்துக்கு மேல் மருத்துவரைக் கேட்டு நாள் குறியுங்கள். பெண் நாய்க்கு இதைத் தவிர்த்தால் நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. அது அவசர அறுவைச் சிகிச்சையில் போய் முடியும். தனியாரிடம் பெண் நாய்க்கு 6,000 முதல் 12,000 ரூபாய் வரை கேட்டார்கள். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தொண்டு நிறுவனங்களிலும் செலவு வெகுவாகக் குறையும், ஆனால் காத்திருக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் மயக்க மருந்து கொடுக்க முன்வரும் இடத்துக்குப் போகாதீர்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கட்டும் கூம்பை 10 நாளாவது கழற்ற வேண்டாம். பாவமாகத்தான் இருக்கும்.

10. கடி, பட்டாசு

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் வாக்குவாதம் செய்யாமல் முதலில் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவச் செய்யுங்கள். பிறகு நீங்களே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். வெறிநோய் ஊசி அங்கே இலவசம். ஊசிப் புத்தகத்தின் படத்தைக் காட்டுங்கள். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைத்திருங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்பதால் கடிபட்டவர் ஊசி போடாமல் இருக்கலாம் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். மிகவும் நடுங்கும் நாய்களுக்கு மருந்து உண்டு. அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடையையும் சாப்பாட்டையும் முடித்து, சன்னலை மூடி, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, நாய் தானாகத் தேடிப்போகும் மூலையில் அதை விட்டுவிடுங்கள். வெளிக்கதவை யார் திறக்கிறார்கள் என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். பயந்து ஓடும் நாய் எங்கே ஓடுகிறோம் என்று பார்க்காது. கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் பொறித்த தகடு அன்று கட்டாயம் இருக்கட்டும்.

11. ஊருக்குப் போகும்போது

ரயிலில் நாயைக் கொண்டுபோக இரண்டு வழிகள். முதல் வகுப்பில் ஒரு கூபேயோ (இருவருக்கான சிறு அறை) பெரிய அறையோ முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தால் உங்களோடு வரலாம். இல்லையென்றால் ரயிலின் கார்டு (வண்டிப் பொறுப்பாளர்) இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டு. இரண்டாம் வகுப்பு, படுக்கை வசதி, இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசிப் பெட்டிகளில் அனுமதி கிடையாது. கூபே கிடைக்குமா என்பது முன்பதிவுப் பட்டியல் தயாராகும் நேரத்தில்தான் தெரியும் என்பதால் மாற்று வழியையும் யோசித்து வையுங்கள். கூண்டு கோடையில் அனலாக இருக்கும். பகல் வண்டியைத் தவிருங்கள்.

பயணத்துக்கு முன் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் உடல்நலச் சான்று வாங்குங்கள். அந்தச் சான்று, ஊசிப் புத்தகம், உங்கள் அடையாள அட்டை, டிக்கெட் ஆகியவற்றின் நகல்களோடு வண்டி புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்துக்குப் போய் நாய்க்கான சீட்டை எடுத்துவிடுங்கள். கட்டணம் எடையையும் தொலைவையும் பொறுத்தது. அந்தச் சீட்டு இல்லாமல் பிடிபட்டால் பல மடங்கு அபராதம். புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு, தண்ணீர் மட்டும் கொடுங்கள். பாட்டிலோடு அதன் சொந்தக் கிண்ணத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பாத்திரத்தில் சில நாய்கள் வாய் வைக்காது.